மலையேறிய வண்டிகள்

ஹற்றன் பஸ் நிலையத்திலிருந்து விடியற்காலை இருளிலே மஸ்கெலியா நோக்கியும் பொகவந்தலாவை நோக்கியும் புறப்படும் சிவப்பு பஸ் வண்டிகளின் முகப்பிலே ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். லேலண்ட் என்பது அப்பெயர். கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறும் மூதாட்டியும், பாடசாலைப் பையுடன் தொங்கி நிற்கும் சிறுவனும் அதனைப் பல்லாயிரம் தடவை பார்த்திருப்பர். அஃது ஓர் ஊரின் பெயர் என்பது அவர்களிற் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் லங்காஷயர் மாகாணத்திலே பஞ்சாலைகளுக்கு நடுவில் உள்ள சிற்றூர் ஒன்றின் பெயர் அது. அந்தச் சிற்றூரின் பெயர் சென்னைக்கு வடக்கேயுள்ள எண்ணூர்க் கடற்கரையிலே ஒரு தமிழ்நாட்டுப் பெயராக மாறி, கொழும்புக்கு அண்மையிலுள்ள பனாகொடையிலே இலங்கைப் பெயராகவும் மாறி, நோர்வூட்டுச் சந்தியின் வளைவிலே மூச்சு வாங்கி ஏறுகின்றது. ஒரு வண்டி மலையேறும் கதை இவ்வளவு நீளமானது.

மலைநாட்டிலே தேயிலைக்கு முன்பு கோப்பி இருந்தது. அக்காலத்தில் விளைவைக் கொழும்புக்குக் கொண்டு சென்றவை மாட்டு வண்டிகள். 1867-ஆம் ஆண்டிலே இருப்புப் பாதை கண்டியை எட்டியது. அதே ஆண்டிலே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை நட்டார். ரயில் 1874-ல் நாவலப்பிட்டிக்கும், 1884-ல் ஹற்றனுக்கும், 1885-ல் நானுஓயாவுக்கும் ஏறியது. ஆயினும் ரயில் நிலையம்வரை பெட்டிகளைக் கொணர்வதும், மலைச்சரிவிலே பறித்த கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்ப்பதும் வேறு பிரச்சினைகள். பறித்த கொழுந்து காத்திராது. சாக்கிலே நெருக்கி அடைத்து வெயிலில் வைத்தால் தன் வெப்பத்தாலேயே வெந்து சிவந்துவிடும். பிறகு அதனை எத்துணை நுட்பமாக உருட்டினாலும் நல்ல தேயிலை ஆகாது. ஆகவே மடுவத்திலே நிறுத்த கொழுந்து சில மணி நேரத்திற்குள் வாட்டும் மாடியிலே பரப்பப்பட்டாக வேண்டும். சில தோட்டங்களிலே கம்பி வழியாகச் சாக்குகளைப் பள்ளத்தாக்கின் மேலே அனுப்பினர். மற்றைய இடங்களிலே தொழிலாளரின் தலையே வாகனமாயிற்று. லொறி வந்தபோது அது தலைச்சுமையின் இடத்தைப் பிடித்தது என்பதை மறந்துவிடலாகாது. மோட்டாரின் வரவை மலைநாட்டு மக்கள் வரவேற்றதற்கு முதற் காரணம் அதுவே.

இந்நாட்டு யந்திரத் தொழிலின் தொட்டில் மலையகமே என்று சொன்னால் மிகையாகாது. 1854-ல் தோன்றிய வோக்கர் நிறுவனம் கோப்பி யந்திரங்களில் தொடங்கித் தேயிலை யந்திரங்களுக்கு வந்தது. பிறவுண் நிறுவனம் 1875-ஆம் ஆண்டிலே ஹற்றனிலேயே தொடங்கப்பட்டது. தோட்டத் தொழிற்சாலைகளின் யந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அதன் தொழில். பெல்பாஸ்ட் நகரின் டேவிட்சன் செய்த சிரொக்கோ உலர்த்திகளும், கெயின்ஸ்பரோவில் மார்ஷல் நிறுவனம் வார்த்த ஜாக்சன் உருட்டு யந்திரங்களும் இறக்குமதியாகி வந்தன. ஆயினும் அவற்றைப் பழுது பார்க்கப் பெல்பாஸ்டிலிருந்து எவரும் வரக் காத்திருக்க முடியாது. உடைந்த பற்சக்கரத்தை இங்கேயே வார்க்க வேண்டும். தேய்ந்த அச்சை இங்கேயே கடைய வேண்டும். இவ்வாறு கடைசல் பட்டறையும் வார்ப்பாலையும் மலைநாட்டு வாழ்க்கையின் பகுதியாயின. இந்தப் பழக்கம் பின்னர் மோட்டார்த் தொழிலுக்கு எவ்வளவு உதவிற்று என்பதைச் சிறிது பொறுத்துக் காணலாம்.

தோட்டத்திலே முதலிற் கார் வைத்திருந்தவர் பெரிய துரை. ஓஸ்டின், மொறிஸ், ஹில்மன், போர்ட் என்னும் பெயர்களை லயத்துச் சிறுவர்கள் ஆங்கில எழுத்து அறிவதற்கு முன்பே அறிந்திருந்தனர். ஒலியைக் கேட்டே எந்தத் துரையின் கார் எந்த வளைவிலே வருகின்றது என்று சொல்லக்கூடியவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தனர். பிரட்டுக்களத்திற்குப் பிந்தியவர்களுக்கு அந்த அறிவு பயன்பட்டது! நுவரெலியாவிலே 1934-ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தொட்டை மலையேற்றப் போட்டி இன்றும் நடைபெற்று வருகின்றது. தேயிலைச் செடிகளுக்கு நடுவேயுள்ள வளைந்த பாதையிலே யார் விரைவில் உச்சியை அடைவது என்பதே போட்டி. 1948-ல் லாண்ட் றோவர் என்னும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி பிரித்தானியாவிலே வெளிவந்தது. சேறு நிறைந்த தோட்டப் பாதைக்கென்றே பிறந்தது போன்ற அவ்வண்டி துரைமாரின் வாகனமாயிற்று.

இந்தக் கார்கள் யாவற்றுக்கும் விலை கொடுத்தது எது? 1950-களிலே இலங்கையின் ஏற்றுமதி வருமானத்திலே பாதிக்கு மேற்பட்டது தேயிலையால் வந்தது. பிரித்தானியத் தொழிற்சாலையிலே ஒரு கார் விற்பனையாகி இங்கே வந்து சேர்வதற்கு, டிம்புள்ளையிலோ டிக்கோயாவிலோ இத்தனை றாத்தல் கொழுந்து பறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். கொழுந்தைப் பறித்தவர் காரிலே ஏறியதில்லை. நோயுற்றவரையும் பிரசவ வேதனையுற்ற பெண்ணையும் கொழுந்து லொறியிலே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதை மலைநாட்டிலே நினைவு கூர்பவர் இன்றும் பலர். லொறி தொழிற்சாலைக்குக் கொழுந்து கொண்டு போயிருந்தால் அது திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

1948-ஆம் ஆண்டு இக்கதையிலே இருவகையில் முக்கியமானது. அவ்வாண்டிலே இலங்கையில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அதே ஆண்டிலே சென்னையில் இரகுநந்தன் சரண் என்பவர் தம் மகன் அசோக்கின் பெயரால் அசோக் மோட்டார்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டிற்கும் அன்று ஒரு தொடர்பும் இல்லை, பின்னர் ஏற்பட்டது.

அசோக் மோட்டார்ஸ் முதலிலே செய்தது எண்ணூரில் ஓஸ்டின் ஏ-40 கார்களைப் பொருத்துவது. இங்கிலாந்திலிருந்து பெட்டிகளிலே வரும் பாகங்களைப் பூட்டி, வர்ணம் பூசி, ஓட்டிப் பார்த்து விற்பதே வேலை. பிற நாட்டார் இதனைச் செய்ய உடன்பட்டதற்குக் காரணம் தர்மம் அன்று. புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற நாடுகள் முழுமையான கார்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. முழு வண்டியை விற்க இயலாவிடில் உதிரியாகவேனும் விற்போம் என்பதே அவர்கள் கணக்கு. உள்ளூரார் கணக்கு வேறு: இன்று பூட்டுவோம், நாளை செய்வோம். இவ்விரு கணக்குகளும் ஒரே ஒப்பந்தத்திலே கையொப்பமிடப்படுவதற்குத்தான் கூட்டு முயற்சி என்று பெயர். எக்கணக்கு வெல்லும் என்பது ஒப்பந்தத்தின் எழுத்தைவிடப் பின்னர் வரும் இருபது ஆண்டுகளின் உழைப்பைப் பொறுத்தது.

1950-ல் லேலண்ட் நிறுவனத்துடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. லேலண்ட் லொறிகளை இறக்குமதி செய்து, பொருத்தி, படிப்படியாக உள்நாட்டிலேயே செய்யும் உரிமை அசோக்குக்குக் கிடைத்தது. 1951-ல் எண்ணூரிலே பொருத்தப்பட்ட முதல் நான்கு கோமெட் வண்டிகள் மங்களூரில் உள்ள ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றிற்கு விற்கப்பட்டன. லேலண்ட் பங்குதாரராகவும் சேர்ந்ததன் பின், 1955-ல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. "படிப்படியாக" என்னும் அச்சொல்லிலேதான் எல்லாம் அடங்கியிருந்தது. எஞ்சின் பாகங்களை வார்ப்பதற்கு வார்ப்பாலை வேண்டும். சக்கரத்திற்கு ஒரு தொழிற்சாலை வேண்டும். மின் கருவிகளுக்கு வேறொன்று வேண்டும். 1960-ல் டன்லொப் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னைப் பாடியில் வீல்ஸ் இந்தியாவும், 1961-ல் லூக்காஸ் டீ.வீ.எஸ். நிறுவனமும், 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவும், அதே ஆண்டிலே காற்றழுத்தப் பிரேக் செய்யும் சுந்தரம் கிளேட்டனும் தோன்றின. ஒவ்வொன்றும் ஒரு கூட்டு முயற்சி. ஒவ்வொன்றிலும் ஒரு பிரித்தானியப் பெயர். ஆனால் கடைசலில் நின்று கற்றுக்கொண்டவர்கள் செங்கற்பட்டு, வட ஆர்க்காட்டு இளைஞர்கள்.

இறம்பொடையின் கொண்டையூசி வளைவுகளிலே நுவரெலியாவிலிருந்து கீழிறங்கும் பஸ் வண்டியின் உயிர் அதன் பிரேக்கிலே இருக்கின்றது. மேலே ஏறுவது எஞ்சினின் வலிமை. கீழே இறங்குவது சாரதியின் பொறுமை. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கும்போது பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமற் போகும். ஆகவே தேர்ந்த சாரதி மேட்டில் எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரிலேயே இறங்குவார். பழைய லேலண்டிலே கியர் மாற்றுவதற்குக் கிளச்சை இருமுறை மிதிக்க வேண்டும். எஞ்சினின் ஒலியைக் காதால் அளந்து கையை நகர்த்த வேண்டும். அவ்வித்தை எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாமல் முதிய சாரதியிடமிருந்து உதவியாளனுக்கு வந்தது.

1958-ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இலங்கையின் பஸ் கம்பனிகள் யாவும் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. லண்டன் தெருக்களிலே ஓடிக் களைத்த ஈரடுக்கு வண்டிகளையும் அச்சபை வாங்கியது. மலைநாட்டுக்கு அவை உதவவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1961-ல் மற்றொரு செய்தி. டைம்லர் பென்ஸ் என்னும் ஜெர்மானிய நிறுவனத்துடன் 1954-ல் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு ஜம்ஷெட்பூரிலே லொறி செய்துவந்த டாட்டா நிறுவனம், தன் முதல் ஏற்றுமதி லொறியை அனுப்பிய நாடு இலங்கையே. ஒப்பந்தம் 1969-ல் முடிந்ததும் முகப்பிலிருந்த ஜெர்மானிய நட்சத்திரம் மறைந்தது. உள்ளேயிருந்த தொழிற்றிறன் மறையவில்லை. ஒரு கூட்டு முயற்சி வென்றதா தோற்றதா என்று அறிய அஃது உயிரோடிருக்கும்போது பார்ப்பதைவிட, வெளிநாட்டார் விலகிய மறுநாள் காலையிலே தொழிற்சாலைச் சங்கு ஊதுகிறதா என்று பார்ப்பதே நேர்மையான சோதனை.

லேலண்டின் கதையும் அவ்வாறே முடிந்தது, அதைவிட வியப்பாக. பிரித்தானியாவிலே தாய் நிறுவனம் 1975-ல் அரசுடைமையாயிற்று. பின்னர் பல துண்டுகளாகப் பிரிந்து டச்சுக்காரர், சுவீடன்காரர், அமெரிக்கர் எனப் பலர் கைக்குச் சென்றது. சென்னை நிறுவனத்திலிருந்த அதன் பங்கை 1987-ல் இந்துஜா குடும்பத்தாரும் இத்தாலியின் இவெக்கோ நிறுவனமும் சேர்ந்து வாங்கினர். 2007-ல் அதுவும் முழுதாக இந்துஜாக்களிடம் வந்தது. லேலண்ட் என்னும் பெயரைத் தாங்கிய பஸ்களும் லொறிகளும் இன்று பெருந்தொகையாக வெளிவருவது தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்தே. தாய் வீடு கலைந்தபின் பிள்ளை தன் வீட்டிலே அப்பெயரைக் காத்து நிற்கின்றது.

1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை ஏற்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று மக்கள் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974-ல் முடிவாயிற்று. பெட்டி படுக்கையுடன் ஹற்றன் ரயில் நிலையத்திலே அழுது பிரிந்து, தலைமன்னார் சென்று, கப்பலேறி இராமேசுவரம் போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று 1968-ல் தமிழ்நாடு அரசு கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களிலே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. மலை வேறு; பாதையின் வளைவும் குளிரும் கொழுந்தின் மணமும் ஒன்றே. அங்கும் அவர்களை ஏற்றிச் சென்ற பஸ்ஸின் முகப்பிலே அதே பெயர்! சரக்குக்கு இரு நாடும் ஒப்பந்தம் செய்தன, மனிதருக்கும் ஒப்பந்தம் செய்தன. சரக்கு ஒப்பந்தத்திலே எந்தப் பாகம் எங்கே போகும் என்பதைச் சம்பந்தப்பட்டவர் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினர். மனிதரைப் பற்றிய ஒப்பந்தம் அம்மனிதரைக் கேட்டு எழுதப்பட்டதன்று.

இனி இலங்கையின் சொந்த முயற்சிகள். 1960-களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி மிகவும் கட்டுப்படுத்தப்பட்டது. நாட்டிலிருந்த ஓஸ்டின்களும் மொறிஸ் மைனர்களும் இறக்க அனுமதிக்கப்படாத கிழவர்களாயின. அப்போதுதான் ஹற்றன், நுவரெலியா, கண்டிக் கராஜ்களிலே தேயிலைத் தொழிற்சாலைக் கடைசலிற் பழகிய கைகள் உதவின. புதிய புஷ் கிடைக்காதபோது பித்தளையிலே கடைந்து போட்டனர். தகடு துருப்பிடித்தால் அடித்து வளைத்துப் புதிது செய்தனர். இந்தத் திறமையைக் கண்டுகொண்டவர் வெளிநாட்டவர் என்பதுதான் வேடிக்கை. இங்கிலாந்தின் பாத் நகரத்திலே மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து விற்றுவந்த சார்ல்ஸ் வேயர் என்பவர் 1990-களின் தொடக்கத்திலே இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்களை இலங்கையிலே செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அக்காரை உருவாக்கிய நாட்டுக்கே அதன் பாகத்தை ஏற்றுமதி செய்த சிறு தொழில் அது. பெரிய முதலீடுகள் பலவற்றைவிட அச்சிறு முயற்சியிலேதான் கூட்டு முயற்சியின் தத்துவம் தெளிவாகத் தெரிகின்றது: ஒருவரிடம் சந்தை, மற்றவரிடம் கை.

1970-களிலே உபாலி விஜேவர்தன மஸ்டா கார்களையும் பியட் கார்களையும் இலங்கையிலே பொருத்தினார். உபாலி பியட், உபாலி மஸ்டா என்றே மக்கள் அவற்றை வழங்கினர். 1983 பெப்ரவரியிலே அவர் பயணஞ் செய்த விமானம் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டுக் காணாமற் போயிற்று. அம்முயற்சியும் அவரோடு மங்கியது. அதற்கு முன்பே, 1977-க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதால், ஜப்பானிலே சில ஆண்டுகள் ஓடிய கார்கள் மலிவாக வந்து குவிந்தன. உள்ளூரிலே பொருத்திய காருக்கு அவற்றோடு போட்டியிடுவது அரிது. பின்னர் 1995-ல் தோன்றிய மைக்ரோ நிறுவனம் கொரியாவின் சாங்யோங் வண்டிகளையும் சீனாவின் சிறு கார்களையும் பொருத்தியது. 2019-ல் வெலிப்பென்னையிலே இந்தியாவின் மகிந்திரா நிறுவனம் உள்ளூர் நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து தொழிற்சாலை திறந்தது.

இவற்றுள் மலைநாட்டு மக்களை நேரே தொட்டது 1982-ல் தோன்றிய லங்கா அசோக் லேலண்ட். இலங்கை அரசுக்குரிய லங்கா லேலண்டும் சென்னை அசோக் லேலண்டும் சேர்ந்த கூட்டு அது. பனாகொடையிலே வண்டியின் அடிச்சட்டத்தின்மேல் உடல் கட்டப்பட்டு, அங்கிருந்து டிப்போக்களுக்குச் செல்கின்றது. கார்த் தொழிலிலே தள்ளாடிய இலங்கை பஸ் தொழிலிலே நிலைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கார்த் தொழிற்சாலை இலாபத்துடன் இயங்க ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் செய்தாக வேண்டும். இந்நாட்டுச் சந்தை அத்துணை பெரிதன்று. பஸ்ஸின் உடலோ ஊருக்கேற்ப, பாதைக்கேற்பக் கையால் கட்டப்படுவது. மலைப்பாதைக்குக் குறுகிய நீளம் வேண்டும், மழைக்கு இறுகிய ஜன்னல் வேண்டும். அதனைத் தூர தேசத்திலே செய்து அனுப்புவதைவிட இங்கே செய்வதே சிக்கனம். தேயிலை யந்திரம் இங்கே செழித்ததற்கும் இதுவே காரணம்: வாங்குபவர் அருகில் இருந்தார், எல்லாம் ஒரே அளவில் வேண்டியதில்லை.

ஆனால் இவற்றையெல்லாம்விட லயத்து வாசலுக்கே வந்து நின்ற வண்டி வேறொன்று. 1946-ல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்திலே, ஹெலிகொப்டர் அமைத்த பொறியியலாளர் கொராடீனோ தஸ்கானியோ ஒரு ஸ்கூட்டரை உருவாக்கினார். அதன் பெயர் வெஸ்பா. இத்தாலிய மொழியிலே குளவி என்று பொருள். 1948-ல் அதற்கு மூன்றாம் சக்கரத்தையும் சுமைப் பெட்டியையும் சேர்த்துத் தேனீ என்று பொருள்படும் ஆப்பே என்னும் பெயரிட்டனர். போரினால் வறியவான நாட்டிலே சிறு வியாபாரிக்கு ஓர் ஏழை லொறி வேண்டும் என்பதே நோக்கம். 1960-ஐ ஒட்டி இந்தியாவின் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவுடன் தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்து புனேயிலே இவ்வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. 1971-ல் ஒப்பந்தம் முடிந்தது. பஜாஜ் தன் பெயரிலேயே தொடர்ந்து செய்து, பின்னர் உலகத்துக்கே முச்சக்கர வண்டி அனுப்பியது. இலங்கையிலே இன்று பதிவான முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டவை. தேயிலைச் செடிக்கிடையே கூடு கட்டிக் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கொட்டும் குளவிக்கு மலைநாட்டார் அஞ்சுவர். இத்தாலியக் குளவியின் இந்தியப் பேரனையோ அன்போடு ஓட்டோ என்றழைத்து வாசலிலே நிறுத்தியிருக்கின்றனர்.

தலவாக்கலையிலும் கொட்டகலையிலும் லிந்துலையிலும் சந்திகளிலே வரிசையாக நிற்கும் ஓட்டோக்களின் சாரதிகளைக் கேட்டால், பெரும்பாலோர் தோட்டத்திலே பிறந்தவர். தாயோ பாட்டியோ கொழுந்து பறித்தவர். துரையின் காரைப் பார்த்து வழிவிட்டு நின்றவரின் பேரன் தன் பெயரிலே ஒரு வாகனத்துக்குப் பதிவுப் புத்தகம் வைத்திருப்பது சிறு மாற்றம் அன்று. நள்ளிரவிலே பிரசவ வேதனை என்றால் இன்று கொழுந்து லொறிக்குக் காத்திருப்பது குறைவு. பக்கத்து லயத்துப் பையனின் ஓட்டோ இருக்கின்றது. இந்திய உதவியுடன் டிக்கோயாவிலே கட்டப்பட்ட புதிய ஆஸ்பத்திரி 2017-ல் திறக்கப்பட்டது. 1990 என்னும் எண்ணை அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவையும் அதன்பின் மலைநாட்டுக்கு விரிந்தது. எனினும் பிரதான வீதியிலிருந்து மூன்று மைல் கல்லும் குழியுமான தோட்டப் பாதையிலே முதலில் வந்து நிற்பது ஓட்டோவே.

அந்த ஓட்டோ பெரும்பாலும் லீசிங் கடனில் வாங்கியது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்று பல ஆண்டு போராடி, 2021-ல்தான் அது கிடைத்தது. தாயின் சம்பளத்திலே ஒரு பகுதியும் மகனின் ஓட்டத்திலே பெரும்பகுதியும் மாதத் தவணைக்குச் செல்லும் குடும்பங்கள் பல. இந்நிலையிலே 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்தது. 2018-ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தவர் இதற்கு வியக்க மாட்டார். அவ்வாண்டிலே தேயிலை ஏற்றுமதி முழுவதும் ஈட்டியது ஏறத்தாழ 140 கோடி டொலர். அதே ஆண்டிலே தனிப்பட்ட பாவனைக்கான மோட்டார் வாகனங்களுக்கு நாடு செலவிட்டது அதனினும் கூடிய தொகை. மலைநாடு முழுவதும் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று பறித்த ஓராண்டுக் கொழுந்து, கொழும்புக் கார்களுக்கே போதவில்லை!

தடை வந்ததும் பழைய ஓட்டோவின் விலை ஏறியது. வைத்திருந்தவனுக்கு அது நன்மை போலத் தோன்றினும், புதிதாகத் தொழில் தொடங்க எண்ணிய இளைஞனுக்கு வாசல் அடைபட்டது. 2022-ல் பெட்ரோலுக்கு வரிசையிலே இரவு பகலாக நிற்க நேர்ந்தபோது ஓட்டோவும் அசையவில்லை. நுவரெலியாக் குளிரிலே வண்டிக்குள்ளேயே போர்வையைப் போர்த்துக்கொண்டு உறங்கினர். உதிரிப்பாகம் கிடைக்காத அந்நாள்களிலே 1960-களின் வித்தை மறுபடி வெளிவந்தது: கடைசற் பட்டறைகளிலே மீண்டும் பித்தளைத் தூள் பறந்தது. வாகனத்தை உள்நாட்டிலேயே பொருத்துவோருக்கும், அதிலே சேரும் உள்நாட்டுப் பெறுமதிக்கேற்பச் சலுகை உண்டு என்றும் அரசு கூறியது. டயர், பட்டரி, இருக்கை, ரேடியேற்றர் ஆகியன உள்நாட்டிலே கிடைப்பனவே. ஆனால் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் வெளிநாட்டிலிருந்தே வந்தாக வேண்டும். ஒரு வண்டியின் விலையிலே பெரும்பகுதி அவற்றிலேயே இருக்கின்றது. இருக்கை தைக்கும் நாடு, எஞ்சின் வார்க்கும் நாடாவது எப்போது என்பதைச் சலுகைச் சட்டங்கள் கூறவில்லை. எண்ணூரிலே அஃது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே கூறப்பட்டிருந்தது.

2025 பெப்ரவரியிலே தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரி கடுமையாயிருந்தது, ரூபாவின் மதிப்போ ஐந்தாண்டுக்கு முன் இருந்ததைவிட மிகவும் தாழ்ந்திருந்தது. ஜப்பானிய, சீன, இந்தியப் பெயர்களைத் தாங்கிய புதிய வண்டிகள் துறைமுகத்திலே இறங்கின. அவற்றிற் சில மின்சாரத்தால் ஓடுவன. ஹற்றன் சந்தியிலே ஓட்டோ நிறுத்தியிருக்கும் இளைஞர்கள் அவற்றின் படங்களைக் கைத்தொலைபேசியிலே பார்த்து ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கின்றனர்: கினிகத்தேனை ஏற்றத்திலே நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, இடையில் நிற்காமல் இது மேலே வருமா?